நாலு இட்லி

அந்த நர்ஸ் பெண் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி ஊசியை இறக்குகிறாள், எடுக்கிறாள், பஞ்சை வைத்து அழுத்துகிறாள், கண் ஊசியில் இருந்தது, இப்போது கட்டில் அட்டைக்குப் போய்விட்டது, படுத்திருப்பவளின் முகத்துக்கு வரவே இல்லை, இந்தக் காலத்து ஆட்கள் எல்லாருமே இப்படித்தான், கேள்வியை ஒருவரிடம் கேட்பார்கள், பதிலை வேறெங்கோ பார்த்துக்கொண்டு வாங்கிக்கொள்வார்கள், பஸ்ஸில் கண்டக்டர் மெஷினைப் பார்த்துக்கொண்டே எந்த ஊர் என்கிறான், பெற்ற மகள் போனில் எப்படிப்பா இருக்கிய என்று கேட்டுவிட்டு நான் சொல்லி முடிப்பதற்குள் அங்கே தோசையைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள், முகத்தைப் பார்த்துக் கேட்டால்தானே சொல்வது எந்தத் தினுசு என்று தெரியும், முகம் பார்க்காமல் கேட்பவர்களுக்கு நான் வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுவது வழக்கம், அன்றைக்கும் அப்படித்தான், இல்லை, அன்றைக்கு நான் உண்மையைத்தான் சொன்னேன், அதுதான் கொடுமை.

பெரியாஸ்பத்திரியில் இரண்டாவது மாடி, பெண்கள் வார்டு, பன்னிரண்டாம் கட்டில், என் பெண்டாட்டி பேச்சித்தாய் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள், நாலு நாளாகக் காய்ச்சலும் வாந்தியும், சர்க்கரை நோய் அவளுக்குப் பதினைந்து வருஷமாக உண்டு, முந்தின நாள் டாக்டர் வந்து அட்டையில் பெரிதாக எழுதி அடியில் கோடும் போட்டுவிட்டுப் போனார், இந்த அம்மாவுக்குச் சாப்பாடு உள்ளே போன பிறகுதான் சர்க்கரை ஊசி போடணும், சாப்பிடலைன்னா போடவே கூடாது, ஊசி போட்டுட்டு வயிறு காலியா இருந்தா சர்க்கரை தலைகீழா இறங்கி ஆளையே கொண்டுபோயிரும், அதை அவர் என்னிடமும் சொன்னார், முகத்தைப் பார்த்தே சொன்னார், ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. பொம்பிளைகள் வார்டில் ஆண் ஆள் காலை எட்டு மணி வரைதான் கட்டில் பக்கம் இருக்கலாம், அப்புறம் வராந்தாதான், மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர மத்தியானம் ஆகும், அதுவரை இவளுக்கு நான்தான், எனக்கு இந்த வார்டில் யார் மேலும் நம்பிக்கை இல்லை, முக்கியமாக அந்தப் பெண் மேல் இல்லை. இலக்கியா என்று பெயர், படிப்பு முடித்து, நர்ஸாகப் பதிவு செய்து, வேலைக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகிறது என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள், விழுப்புரத்துப் பக்கத்துப் பிள்ளை, சட்டைப் பைக்கு மேலே வெள்ளைப் பிளாஸ்திரியை நீளமாக ஒட்டி அதில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள், ஒன்பது காய்ச்சல், பதினேழு ரத்தம், இருபத்தொன்று வீட்டுக்கு, இப்படி, மனுஷர்கள் பெயரெல்லாம் போய் எண்ணாகிவிட்டது, முப்பத்தெட்டுக் கட்டில், அன்றைக்குக் காலையில் கூட இருக்க வேண்டிய இன்னொரு நர்ஸ் வரவில்லை, வார்டுக்குப் பெரியவளான ரத்னபாய் சிஸ்டரை ஏதோ கூட்டம் என்று கீழே கூப்பிட்டுவிட்டார்கள், போகும்போது ரத்னபாய் சொன்னது எனக்குக் கேட்டது, ஒரு மணிக்கூறு சமாளிச்சுக்க மக்கா, சந்தேகம்னா போன் போடு, வெக்கப்படாத.

விடியக்காலையில் நான் வாங்கி வந்த நாலு இட்லியைப் பேச்சித்தாய் தொடவில்லை, ஓங்கரிக்கி, வேண்டாம், இன்னிக்கு வயித்த ஸ்கேன் எடுப்பாவளாம், வெறும் வயித்தோட இருக்கணும்னு அந்தக் கட்டில்காரி சொல்லுதா என்றாள், டாக்டர் சொன்னாரா என்று கேட்டேன், அவளுக்குக் காது மந்தம், பதில் சொல்லாமல், இங்கேருங்க, அந்த ஆயாவுக்குக் குடுத்துருங்க, விடிஞ்சதுலருந்து வாளியத் தூக்கிட்டுத் திரியுதா பாவம் என்றாள், வார்டைத் துடைக்கிற ஆயா, கோமு என்று பெயர், வராந்தாவில் உட்கார்ந்து நாலு இட்லியையும் என் கண் முன்னால்தான் தின்றாள், சட்டினி உறைக்கி தாத்தா என்று சொல்லிக்கொண்டே விரலையும் நக்கினாள். அது முடிந்த ஐந்தாவது நிமிஷம் ஊசித் தட்டோடு அந்தப் பெண் வருகிறாள், பேச்சித்தாயின் தோளைத் தொட்டு ஏதோ கேட்கிறாள், இவள் காதில் விழாமல் ம் என்கிறாள், பெண் என் பக்கம் திரும்பி, கண் அட்டையில், தாத்தா, ஆயா சாப்புட்டாச்சா என்றாள். எனக்குச் சுருக்கென்றது, ஆஸ்பத்திரி ஆளுக்கு வெளிச் சாப்பாடு கொடுத்ததற்கு விசாரணையா என்று நினைத்தேன், கொடுத்ததை மறைக்க நான் என்ன திருடனா, ஆச்சு என்றேன், அவள் விடவில்லை, என்ன சாப்புட்டாங்க, இட்லி, எத்தினி, நாலு, முழுசாவா, முழுசா, சட்டினியத் தொட்டு, நான்தான் பாத்துக்கிட்டிருந்தேன் என்றேன், சரி தாத்தா என்று அட்டையில் எழுதினாள், ஊசி போட்டாள், பதினாறு யூனிட், ஏழு முப்பத்தைந்து. அவள் ஊரில் ஆயா என்றால் பாட்டியாம், எங்கள் பக்கம் பாட்டியை ஆச்சி என்போம், ஆயா என்றால் ஆஸ்பத்திரியில் துடைக்கிறவள், பள்ளிக்கூடத்தில் சத்துணவு பரிமாறுகிறவள், அவள் கேட்டதும் சரி, நான் சொன்னதும் உண்மை, நடுவில் வெறும் வயிற்றோடு பேச்சித்தாய் படுத்திருந்தாள், மருந்து அவளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

இது எனக்குத் தெரிந்தது ஒன்பது மணிக்கு மேல்தான், ஆனால் இப்போது நினைக்கும்போது அப்போதே தெரிந்த மாதிரி இருக்கிறது, ஊசி போட்ட கையோடு அவள் அடுத்த கட்டிலுக்குப் போகிறாள், நான் ஏன் ஊசியா, சாப்பிடவில்லையே என்று சொல்லவில்லை, அது என்ன ஊசி என்று நான் கேட்கவே இல்லை, காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று நாலு நாளாய்க் குத்துகிறார்கள், காய்ச்சல் ஊசி என்று நினைத்தேன், கேட்டால் இவர்கள் என்ன முகத்தைப் பார்த்தா சொல்லப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். பதினெட்டு வருஷம் ரயில்வே கேட்டில் நின்றவன் நான், ஐந்தாம் வகுப்போடு சரி, ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், ஸ்டேஷனிலிருந்து மாஸ்டர் போன் செய்வார், பகல் பாசஞ்சர் புறப்படுது, கேட்டை மூடு, நான் போய் இரண்டு பக்கமும் மூடிப் பூட்டிவிட்டு வந்து மூடியாச்சு என்று சொன்னால் போதாது, ஒரு நம்பர் சொல்ல வேண்டும், சீட்டில் வரிசை மாறி அச்சடித்த எண்கள் இருக்கும், ஒவ்வொரு வண்டிக்கும் ஒன்று, எழுபத்து மூணு என்று நான் சொல்ல, எழுபத்து மூணு என்று அவர் திருப்பிச் சொல்ல, இரண்டு பேரும் நோட்டில் எழுதினால்தான் கைகாட்டி இறங்கும், பிரைவேட் நம்பர் என்பார்கள், ஆச்சு என்கிற சொல்லை நம்பக் கூடாது என்றுதான் வெள்ளைக்காரன் காலத்திலேயே அந்த ஏற்பாடு, நம்பர் பொய் சொல்லாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நம்பரும் பொய் சொல்லும், அதற்கு நானே சாட்சி, ஒரே ஒரு நாள், ஆனால் அதை அப்புறம் சொல்கிறேன், யாருக்குச் சொல்கிறேன், எனக்கேதான்.

எட்டேகால் இருக்கும், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற மாசானம் வந்தான், பன்னெண்டு ஸ்கேன், எந்திரிங்க ஆச்சி என்றான், அவன் எங்கள் ஊர்க்காரன், ஆச்சி என்றான், அந்தப் பெண் அதைக் கேட்டிருந்தாலாவது யோசித்திருப்பாளோ என்னவோ, அவள் அப்போது பதினேழாம் கட்டிலுக்கு ரத்தம் ஏற்ற ஆளும் பாட்டிலும் சரிதானா என்று இரண்டாவது ஆளை வைத்துப் பார்க்க வேண்டும் என்று போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், நான் தனியாத்தான் இருக்கேன் சார், ரெண்டு பேரு பாக்காம ஏத்த மாட்டேன், யாராச்சும் ஒருத்தர அனுப்புங்க என்றாள், மறுபக்கம் எதோ அதட்டினார்கள், அவள் குரலை உயர்த்தவில்லை, அனுப்புங்க என்றே திரும்பவும் சொன்னாள், பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டேன். நானும் ஸ்ட்ரெச்சரோடு போகக் கிளம்பினேன், தாத்தா, நீங்க இந்த ரத்தத்த மட்டும் லேபுல குடுத்துட்டு அப்படியே ஸ்கேனுக்குப் போயிடுங்க என்று ஒரு குழாயைக் கையில் திணித்தாள், கூட வந்தவர்கள்தான் அங்கே எல்லாவற்றுக்கும் கால், லேப் வேறு கட்டடம், வரிசை நீளம், உள்ளே இருந்தவன் சீட்டில் சீல் இல்லை என்றான், சீலுக்குத் திரும்ப மாடியேற வேண்டும், என் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு தரம் என்னை வைதது, நான் மாடியேறி வந்து பார்க்கிறேன், மணி ஒன்பது பத்து, பன்னிரண்டாம் கட்டிலில் ஆள் இல்லை, போர்வை சுருண்டு கிடக்கிறது, அந்தப் பெண் போனைக் காதில் வைத்தபடி நெஞ்சிலிருக்கும் பிளாஸ்திரியை ஒவ்வொரு வரியாகப் பார்த்து அடித்துக்கொண்டு வருகிறாள், ஸ்கேன் ரூமா, எங்க பேஷண்ட் பேச்சித்தாய்க்கு ஸ்கேன் முடிஞ்சிடுச்சா, சர்க்கரைக்காரங்க, ரொம்ப நேரம் ஆச்சு, அதான் கேட்டேன், அங்கே என்ன சொன்னார்களோ, அவள் முகம் நின்றது, வெறும் வயிறா, யாரு சொன்னா, அவங்களே சொன்னாங்களா, இல்லியே, நாலு இட்லி சாப்புட்டாங்களே.

என்னைப் பார்த்தாள், அன்றைக்கு முதல் தடவையாக முகத்தைப் பார்த்தாள். தாத்தா, காலைல ஆயா சாப்புட்டாங்கன்னு சொன்னீங்கல்ல. ஆமா சொன்னேன், ஆயா சாப்ட்டா, அந்தா நிக்காளே, கேளு என்று நான் வராந்தாவைக் காட்டினேன், கோமு வாளியோடு நின்றபடி, எம்மா நாலு இட்லிதான் தின்னேன், அதுக்கு என்ன இப்பம் என்றாள். அந்தப் பெண்ணின் உதடு வெளுத்தது, ஆயான்னா, என்று ஆரம்பித்தாள், நிறுத்தினாள், உங்க வீட்டம்மா சாப்புட்டாங்களா இல்லியா. இல்ல. ஒண்ணுமே சாப்புடலியா. காப்பித்தண்ணி கூட இல்ல, ஸ்கேனுக்கு வெறும் வயிறுன்னுட்டா. நான் என்ன ஊசி போட்டேன்னு தெரியுமா தாத்தா. எனக்கு அப்போதுதான் டாக்டர் போட்ட அடிக்கோடு கண்ணில் வந்து நின்றது, கேட் திறந்து கிடக்கத் தண்டவாளம் இரைய ஆரம்பிக்கிற மாதிரி காதுக்குள் ஓர் இரைச்சல். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், இரண்டுக்கும் அவளுக்கு நேரமில்லை, போனில் திரும்ப, கேளுங்க, பேச்சித்தாய், அறுபத்தெட்டு வயசு, இன்சுலின் போட்டு ஒன்றரை மணி நேரம் ஆச்சு, சாப்பிடல, உடனே போய்ப் பாருங்க, நான் சொன்னத திருப்பிச் சொல்லுங்க, இல்ல, சரின்னு சொல்லாதீங்க, திருப்பிச் சொல்லுங்க என்றாள், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, மறுபக்கம் சொன்னது அவள் முகத்திலேயே தெரிந்தது, அங்க இல்லியா, வரிசை பெருசுன்னு ஸ்ட்ரெச்சர தள்ளி விட்டுட்டீங்களா, எங்க தள்ளி விட்டீங்க, தெரியாதா.

வார்டை விட்டு அவள் இறங்க முடியாது, பதினேழாம் கட்டிலுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, இரண்டாவது ஆள் வந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார், பக்கத்தில் நிற்க அவள் ஒருத்திதான், ஒன்பதாம் கட்டிலுக்கு மூச்சு இழுக்கிறது, அவள் வாசல் வரை ஓடினாள், நின்றாள், திரும்பினாள், நான் பார்த்தேன், அந்த ஒரு நொடியில் அவள் இரண்டாகப் பிளந்து போனதைப் பார்த்தேன், அப்புறம் அலமாரியைத் திறந்து சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்து விரல்களை அவளே மடக்கினாள். தாத்தா, நீங்கதான் போகணும், ஸ்கேன் கட்டடம், எக்ஸ்ரே வராந்தா, லிப்டு பக்கம், மூணு எடம் பாருங்க, நான் கேஷுவாலிடிக்குப் போன் போட்டு குளுக்கோஸ் ஊசியோட ஆள அனுப்புறேன், இப்ப கவனிங்க, முழிச்சிருந்து பேசினாங்கன்னா வாயில சர்க்கரையக் கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க, கூப்ட்டுப் பதில் சொல்லலன்னா வாயில ஒண்ணுமே போடக் கூடாது, தண்ணியும் கூடாது, பொரையேறி மூச்சு நின்னுரும், ஒருச்சாய்ச்சுப் படுக்க வச்சிட்டு, ஆளக் கூவுங்க, என்ன செய்யணும், சொல்லுங்க. எனக்குக் கோபம் வந்தது, என் பெண்டாட்டியைக் காப்பாற்ற எனக்கு இவளா சொல்லித்தருவது, வழி விடு பிள்ள என்றேன், அவள் விடவில்லை, சொல்லுங்க தாத்தா. முழிச்சிருந்தா சர்க்கர, முழிக்கலன்னா ஒண்ணும் போடக் கூடாது, சாய்ச்சுப் போடணும், கூவணும். போங்க.

படியில் இறங்குகிறேன், இறங்கவில்லை, கேட் ரூமிலிருந்து சரிவில் இறங்கி ஓடுகிறேன், வெயில் மண்டையில் அடிக்கிறது, போனை வைத்துவிட்டு வந்திருக்கிறேன், எழுபத்து மூணு என்று சொல்லியாயிற்று, மாஸ்டர் எழுபத்து மூணு என்று திருப்பியும் சொல்லியாயிற்று, கேட் இன்னும் மூடவில்லை, வண்டி வர எட்டு நிமிஷம் ஆகும், தினமும் ஆகும், நம்பரை முதலில் சொன்னால் என்ன, மூடுவதைப் பிறகு மூடினால் என்ன, ஒரே ஒரு நாள் அப்படித் தோன்றியது, வைக்கோல் வண்டிக்காரன் சாலையிலிருந்து கும்பிடுகிறான், அண்ணாச்சி ஒரு நிமிசம், தாண்டிக்கிடுதேன் என்கிறான், தாண்டு என்கிறேன், சக்கரம் தண்டவாளத்துக்கும் பலகைக்கும் நடுவில் போய்ச் சொருகிக்கொள்கிறது, மாடு மண்டி போடுகிறது, சிவப்புக் கொடி கேட் ரூம் சுவரில் தொங்குகிறது, எனக்கு அது நினைவிலேயே இல்லை, எனக்குச் சோறு கொண்டுவந்த பேச்சித்தாய் தூக்குச் சட்டியைத் தரையில் வைக்கிறாள், முந்தானையைச் சுற்றிச் சொருகி, சக்கரத்தில் தோளைக் கொடுத்து, தள்ளுங்க, மரம் மாதிரி நிக்கியளே, தள்ளுங்க, என்கிறாள், ஸ்கேன் வராந்தாவில் முப்பது பேர் பெஞ்சில் இருக்கிறார்கள், ஒருத்தி முகமும் அவள் முகம் இல்லை, பேச்சித்தாய்னு ஓர் அம்மா, ஸ்ட்ரெச்சர்ல, யாரும் பாத்திங்களா என்கிறேன், ஒருவனும் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை, எக்ஸ்ரே வராந்தாவில் மாசானம் இன்னொரு ஸ்ட்ரெச்சரோடு நிற்கிறான், எங்கடே விட்ட, எம் பொண்டாட்டிய எங்கடே விட்ட என்று அவன் சட்டையைப் பிடித்தேன், ஏ பெருசு, கைய எடும், லிப்டுக்குப் பின்னாடி காத்தாட நிறுத்திருக்கேன், தூங்கிட்டாவ, ஏன் எழுப்பணும்னு விட்டேன் என்றான். தூங்கவில்லை, அது தூக்கம் இல்லை.

லிப்டுக்குப் பின்னால் பழைய கட்டில்கள் அடுக்கியிருக்கும் மூலை, அவள் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக, சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கிறது, கண் பாதி திறந்திருக்கிறது, வெள்ளை தெரிகிறது, கடைவாயில் எச்சில், ஏட்டி, ஏட்டி பேச்சி, என்கிறேன், உதடு அசைகிறது, சொல் இல்லை, தள்ளுங்க என்றாளோ, இல்லை, அது நான் கேட்டது, முப்பது வருஷத்துக்கு முந்தியது, இன்னொரு தரம் கூப்பிட்டேன், பதில் இல்லை. கையில் சர்க்கரை இருக்கிறது, வாய் திறந்து இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் தூரம், போடு, போடு என்கிறது மனசு, யாரோ பதினோரு நாள் நர்ஸ், நெஞ்சில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு திரிகிறவள், ஆயாவுக்கும் ஆச்சிக்கும் வித்தியாசம் தெரியாதவள், அவள் பேச்சைக் கேட்டு நிற்கவா, என் கையில் இருக்கிற சர்க்கரை என் பெண்டாட்டியைக் காப்பாற்றும், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், பொட்டலத்தைப் பிரித்தேன், நாலு விரலில் அள்ளினேன், அவள் உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டும் போனேன், அங்கே கை நின்றது, பதில் சொல்லலன்னா ஒண்ணுமே போடக் கூடாது என்று நான்தான் திருப்பிச் சொன்னேன், என் வாயால் சொன்னேன், வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டுக் கையால் வேறு ஒன்றைச் செய்தவன் நான், எனக்குத்தான் தெரியும் அது எப்படி இருக்கும் என்று, சர்க்கரையை உதறிவிட்டேன், அவளை ஒருச்சாய்த்து, முதுகுக்கு என் காலை அண்டக் கொடுத்து, கூவினேன், ஆள் வாங்கடே, ஆள் வாங்க, என்று அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்கக் கூவினேன். எவ்வளவு நேரம் கூவினேன் என்று தெரியவில்லை, சும்மா நிற்பதைப் போல் கடினமான வேலை இந்த வயது வரை நான் செய்ததில்லை, அவள் மூச்சு ஒன்று வருகிறது, அடுத்தது வரத் தாமதிக்கிறது, நான் அடுத்ததை எண்ணவில்லை, எண்ணினால் நிற்கும் என்று பயம், வைக்கோல் வண்டி ஒரு குலுக்கில் வெளியே வருகிறது, பேச்சித்தாய் குப்புற விழுகிறாள், அவள் கொண்டையை உரசுவது போல வண்டி போகிறது, பகல் பாசஞ்சர், ஜன்னலில் ஒரு பிள்ளை கை காட்டுகிறது, யாருக்கும் ஒன்றும் தெரியாது, நோட்டில் எழுபத்து மூணு, பதினொன்று ஐம்பத்திரண்டு, எல்லாம் சுத்தம், அடுத்த மாதம் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் கையெழுத்து முத்து முத்தா இருக்கே என்று சொல்லிவிட்டுப் போனார், அன்றிலிருந்துதான் எழுதி வைத்த எதையும் நான் நம்புவதில்லை.

ஆட்கள் வந்தார்கள், ஓர் ஆண் நர்ஸும் ஒரு பயிற்சி டாக்டரும், ஓடித்தான் வந்தார்கள், எங்க, பன்னெண்டாம் பெட், பேச்சித்தாய், இன்சுலின் பதினாறு, சாப்பிடல, இவங்கதான என்றார் டாக்டர், அத்தனையும் அவர் வாயில் வரிசையாக வந்தது, ஒரு சொல் மாறவில்லை, அப்போதுதான் மேலே அந்தப் பெண் எத்தனை பேரிடம் எத்தனை முறை திருப்பிச் சொல்ல வைத்திருப்பாள் என்று எனக்குப் பட்டது, விரலில் குத்தி ஒரு சின்ன மெஷினில் பார்த்தார்கள், சர்க்கரை முப்பத்தொண்ணுதான் என்றான் நர்ஸ், டாக்டர் முகம் சுருங்கியது, வாயில எதுவும் குடுத்தீங்களா தாத்தா என்றார், இல்ல, என்றேன், நல்ல வேள, என்றார், அவ்வளவுதான், கை நரம்பில் தடித்த ஊசியை ஏற்றி மெல்ல மெல்ல அழுத்தினார், குழாய் காலியாகிற வரை நான் அவள் காலையே பிடித்துக்கொண்டிருந்தேன், பாதி போயிருக்கும், அவள் கண் உருண்டது, முகத்தைச் சுளித்தாள், என் பக்கம் திரும்பி, ஏன் இப்படி எல்லாரும் சுத்தி நிக்கிய, ஸ்கேன் எடுத்தாச்சா, எனக்குப் பசிக்கி என்றாள்.

பத்தரை மணிக்கு ரத்னபாய் சிஸ்டர் வந்துவிட்டாள், பேச்சித்தாய் பன்னிரண்டாம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்கிறாள், கையில் குளுக்கோஸ் ஏறுகிறது, கால் மணிக்கு ஒரு தரம் அந்தப் பெண் வந்து விரலில் குத்திப் பார்த்துவிட்டுப் போகிறாள். வார்டு முழுக்கக் கதை பரவிவிட்டது, கோமு வாளியைக் கீழே வைத்துவிட்டு, நாலு இட்லி தின்னது ஒரு குத்தமாய்யா, இனிமே எவளாவது எனக்கு எதையாவது நீட்டுங்க, அப்பம் இருக்கு என்று பொதுவாகச் சத்தம் போட்டாள், பக்கத்துக் கட்டில்காரி, நீ தின்ன, ஊசி ஆச்சிக்கு, நல்ல பங்குதான் என்று சிரித்தாள், வெறும் வயிறு என்று சொல்லிக்கொடுத்தவள் இவள்தான், அவளுக்கு அது நினைவே இல்லை. ரத்னபாய் அந்தப் பெண்ணை ஓரமாகக் கூட்டிப் போய்ப் பேசினாள், வையவில்லை, வைதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும், எழுதிக் குடு மக்கா, நடந்தது நடந்தபடி, என்றாள், பெண் நின்றுகொண்டே எழுதினாள், நான் போய், சிஸ்டர், அதுல என்ன எழுதியிருக்கு, வாசிங்க, எனக்குக் கண்ணு தெரியாது என்றேன், கண் தெரியும், ஆங்கிலம் தெரியாது. ரத்னபாய் வாசித்துத் தமிழில் சொன்னாள், நோயாளியிடம் நேரடியாகக் கேட்டு உறுதி செய்யாதது என் தவறு, நான் பயன்படுத்திய சொல் இந்த ஊரில் வேறு பொருள் தருவது எனக்குத் தெரியவில்லை, இப்படி. எம் பேரு எங்க இருக்கு என்றேன். ஒங்க பேரு எதுக்கு பெரியவரே. நான்தான நாலுன்னு சொன்னேன், முழுசான்னும் சொன்னேன். அது பரவால்ல, நீங்க போய் ஒக்காருங்க, ஆச்சி நல்லாருக்காவல்ல, அது போதும். எனக்குப் போதவில்லை, என் தப்பு இல்லாமல் சுத்தமாக எழுதிய தாள் இதோடு இரண்டாவது, முதலாவதும் இப்படித்தான் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

வராந்தாவில் அந்தப் பெண் என்னிடம் வந்தாள், அடுத்த கட்டிலுக்குப் போகிற வழியில்தான், ஆனாலும் நின்றாள், முகத்தைப் பார்த்தாள், தாத்தா, நீங்க அங்க சர்க்கரையப் போடாம நின்னீங்களாம், டாக்டர் சொன்னாரு, ரொம்பப் பேரு போட்டுருவாங்க, அந்த நேரத்துல மனசு கேக்காது என்றாள், போடத்தான் போனேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும், கை ஏன் நின்றது என்று அவளுக்குச் சொல்ல வேண்டுமானால் எழுபத்து மூணைச் சொல்ல வேண்டும், வைக்கோல் வண்டியைச் சொல்ல வேண்டும், அதை நான் பேச்சித்தாயைத் தவிர யாரிடமும் பேசினதில்லை, அவளோடும் பேசினதில்லை, அவள் அங்கே இருந்தாள், அவ்வளவுதான். இனிமே பேரு சொல்லி, பெட் நம்பர் சொல்லி, அவங்ககிட்டயே கேக்கப் போறேன், காது கேக்கலன்னா தட்டப் பாத்துட்டுத்தான் ஊசி, என்றாள். தட்டு காலியா இருந்தா தின்னுட்டான்னு அர்த்தமா, பூனை தின்னாலும் தட்டு காலிதான், என்றேன். அவள் லேசாகச் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது, தாத்தா, நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க, உங்க மேலயும் தப்பில்ல, யோசிச்சுப் பாத்தா என் மேலயும் இல்ல, அந்த வார்த்த மேலதான் தப்பு. நல்ல பெண்தான், அவள் இல்லாவிட்டால் அன்றைக்கு அந்த லிப்டு மூலையில் எல்லாம் முடிந்திருக்கும், அது எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் பெரிய நிம்மதியைத் தருகிறவள் போல அதை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை, அது என்ன, வார்த்தையா வந்து எட்டு மணி வரை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, வார்த்தையா அது என்ன ஊசி என்று கேட்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது, யார் மேலும் இல்லாத தப்பு ஒன்றை நான் இந்த வயது வரை கண்டதில்லை. போ பிள்ள, ஒன்பதாம் கட்டிலுக்கு மூச்சு இழுக்குது, அதப் பாரு என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன், தாத்தா என்று பின்னாலிருந்து ஒரு தரம் கூப்பிட்டாள், நான் நிற்கவில்லை, மத்தியானம் ஆகப்போகிறது, மகள் வருகிற பஸ்ஸுக்கு நேரம், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன், வார்த்தை மேல் தப்பாம், வார்த்தைக்கு ஏது வாய்.